மூழ்குவது சுலபம், திருப்புவதுதான் கஷ்டம்: நீர்மூழ்கிக்குச் சுக்கான் பிடித்த பள்ளி வாத்தியார் ஜான் ஹாலண்ட்

வில்லியனூர் பக்கத்தில் ஊசுட்டேரியிலோ, கடலை நெருங்கும் சுண்ணாம்பாற்றிலோ படகு ஓட்டுபவருக்குத் திசை என்றால் இரண்டுதான். ஒன்று இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். பின்னால் உட்கார்ந்து துடுப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படகு திரும்பிவிடும். மேலே போகுமா, கீழே போகுமா என்ற கவலை கிடையாது. அதைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

அதே படகுக்கு மூடி போட்டு, தண்ணிக்குள்ள ஓட்டணும்னு ஒருத்தர் கிளம்பினால் கதையே மாறிவிடும். மூழ்கடிப்பது பெரிய காரியமில்லை. தொட்டியில் தண்ணீர் விட்டால் மூழ்கும், வெளியேற்றினால் மிதக்கும். ஆனால், நினைத்த ஆழத்தில், நினைத்த திசையில், மூக்கு குத்தாமல், வால் தொங்காமல் அதைக் கொண்டுபோவது எப்படி? 1775-ல் அமெரிக்காவில் டேவிட் புஷ்னெல் கட்டிய ஆமை வடிவப் படகிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் பலரையும் திணறடித்த கேள்வி இது.

அதற்கு வேலை செய்யும் பதிலைக் கண்டவர் கடற்படை அதிகாரி இல்லை, கப்பல் பொறியாளரும் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் ஜான் பிலிப் ஹாலண்ட். ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய படகில் தொடங்கி, அமெரிக்கக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி வரை அவர் போன பாதையில், ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கலாக நின்றது சுக்கான்தான்.

கடலுக்குப் போக முடியாத பையன்

1841-ல் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தின் லிஸ்கானர் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஹாலண்ட். அப்பா பிரிட்டிஷ் கடலோரக் காவல் பணியில் இருந்தார். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் கற்றுக்கொண்டார்.

அவருக்கு நான்கைந்து வயது இருக்கும்போது அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் தாக்கியது. பயிர் அழுகியது, ஜனங்கள் பட்டினியாலும் நோயாலும் சாக, மிச்சம் இருந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். ஹாலண்ட் குடும்பமும் அந்தக் காலத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்தது. பசியில் ஊர் காலியாகும்போதும் தானியம் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் ஆட்சி மீதான கோபம் அந்தத் தலைமுறை ஐரிஷ் பிள்ளைகளுக்குள் அப்படித்தான் வேர்விட்டது.

1853-ல் அப்பா இறந்ததும் குடும்பம் லிமெரிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. கப்பலில் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஹாலண்டின் ஆசை. ஆனால் கண்பார்வை மோசம். அந்த வழி அடைபட்டதும், 1858-ல் கிறிஸ்தவ சகோதரர்கள் என்ற கத்தோலிக்கக் கல்வி சபையில் சேர்ந்து ஆசிரியரானார். அயர்லாந்தின் பல ஊர்களில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்.

கார்க் நகரில் இருந்த காலத்தில்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய செய்தி வந்தது. 1862 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசம் போட்ட இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் குண்டு இன்னொன்றைத் துளைக்கவில்லை. மரக்கப்பல்களின் காலம் முடிந்தது என்று உலகமே பேசியது. ஹாலண்ட் யோசித்தது வேறு. இரும்புக் கப்பல்கள் வந்தால் பணக்கார பிரிட்டன்தான் அதிகம் கட்டும். அப்படியானால் எளியவர்களிடம் இருக்கும் வழி என்ன? தண்ணிக்கு அடியில் போவது. கவசம் இல்லாத அடிவயிற்றை அங்கிருந்துதானே தொட முடியும்?

பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் நீர்மூழ்கிக்கான வரைபடங்களைப் போடத் தொடங்கினார். அவரிடம் பணமும் இல்லை, பட்டறையும் இல்லை. அந்தக் காகிதங்கள் பத்து வருஷத்துக்கு மேல் அவர் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

யாரும் ஏற மாட்டார்கள் என்ற பதில்

1873-ல் உடல்நிலை சரியில்லாமல் சபையிலிருந்து விலகி, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் ஹாலண்ட். பாஸ்டன் நகரில் பனி உறைந்த தெருவில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் பழைய வரைபடங்களைத் திரும்ப எடுத்துத் திருத்தினார். கால் சரியானதும் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

1875-ல் தன் திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து, காலால் பெடல் மிதித்து ஓட்டும் சின்னப் படகு அது. அதைப் பரிசீலித்த அதிகாரி இரண்டு காரணம் சொல்லி ஒதுக்கினார். இப்படி ஒரு பெட்டிக்குள் யாரும் இஷ்டப்பட்டு ஏற மாட்டார்கள். ஏறினாலும், தண்ணிக்குள்ளே கண் தெரியாத இடத்தில் திசை பார்த்து ஓட்ட முடியாது.

இரண்டாவது காரணம்தான் ஹாலண்டை உறுத்தியது. நடுக்கடலில் ராத்திரியில் போகும் கப்பலுக்கும் எதிரே ஒன்றும் தெரிவதில்லை. திசைகாட்டியை வைத்துத்தானே போகிறது? தண்ணிக்குள் போகும் படகுக்கும் அது போதும். பார்க்க முடியாது என்பது உண்மையான தடை இல்லை என்பது அவர் கணக்கு. உண்மையான தடை வேறொன்று என்பதை அவரே தண்ணீரில் இறங்கித்தான் தெரிந்துகொண்டார்.

பணம் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. அவருடைய தம்பி மைக்கேலுக்கு ஃபெனியன்கள் என்று அழைக்கப்பட்ட ஐரிஷ் விடுதலைப் போராளிகளோடு பழக்கம் இருந்தது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் தொழிலாளிகள் கொடுத்த சில்லறைக் காசில் திரண்ட நிதி அவர்கள் கையில் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையை அடிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஹாலண்டின் படகு அவர்களுக்குப் பிடித்துப்போனது.

முதல் படகு: உப்புத்தண்ணிக்குப் போட்ட கணக்கு

1878 மே 22. பேட்டர்சனில் ஓடும் பசாயிக் ஆற்றில் ஹாலண்டின் முதல் படகு இறக்கப்பட்டது. நீளம் 14 அடிக்குக் கொஞ்சம் மேல். எடை இரண்டே கால் டன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே படகு தானாக மூழ்கிவிட்டது. கரையில் ஒரே சிரிப்பு.

என்ன ஆனது? ஹாலண்ட் கணக்குப் போட்டது கடல் தண்ணீருக்கு. இறக்கியது ஆற்றுத் தண்ணீரில். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியில் இருப்பது நல்ல தண்ணி. அதே ஆறு கீழே போய்க் கடலைத் தொடும் இடத்தில் உப்புத்தண்ணி. உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் அதே பொருளை அது கூடுதலாகத் தாங்கும். இரண்டே கால் டன் படகுக்கு இந்த வித்தியாசம் 50 கிலோவுக்கு மேல் வரும். கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை. மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவில் நூலிழையில் நிற்கும் படகுக்கு அது போதாதா?

படகைத் தூக்கி எடையைச் சரிசெய்தார். பெட்ரோல் எஞ்சின் வேலை செய்யவில்லை. பக்கத்தில் ஒரு நீராவிப் படகை ஓட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாக நீராவி எடுத்து எஞ்சினை ஓட்டினார். ஜூன் மாதம் படகு முன்னால் நகர்ந்தபடியே தண்ணிக்குள் இறங்கியது, திரும்ப மேலே வந்தது. பிறகு ஒருமுறை ஹாலண்ட் அதற்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அடியில் இருந்துவிட்டு வந்தார்.

பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்தி. ஹாலண்டுக்கு மட்டும் ஒரு குறை தெரிந்தது. படகை இறக்கவும் ஏற்றவும் அவர் வைத்திருந்த படுக்கைவாட்டுச் சுக்கான்கள் சரியாக வேலை செய்யவில்லை.

சாதாரணச் சுக்கான் நிமிர்ந்து நிற்கும் பலகை. அது படகை இடம் வலமாகத் திருப்பும். அதே பலகையைப் படுக்க வைத்தால் மேலும் கீழுமாகத் திருப்பும். ஆங்கிலத்தில் இதை ஹைட்ரோபிளேன் என்கிறார்கள். ஹாலண்ட் அதைப் படகின் நடுவில், இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரி வைத்திருந்தார். நடுவில் வைத்தால் படகு சாயாமல் அப்படியே கீழிறங்கும் என்பது அவர் நினைப்பு. ஆனால் நடுவில் இருக்கும் சின்னப் பலகைக்கு அவ்வளவு பலம் இல்லை.

கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கீல் பக்கத்தில் கைவைத்துத் தள்ளினால் அசையாது. கைப்பிடி இருக்கும் ஓரத்தில் ஒரு விரல் வைத்தால் போதும், திறந்துவிடும். படகுக்கும் அதேதான். நடுவில் வைத்த சுக்கான் கீல் பக்கத்தில் வைத்த கை. கடைசியில், வால் பகுதியில் வைத்தால் கொஞ்சம் திருப்பினாலும் முழுப் படகும் சாயும். மூக்கு கீழே பார்த்ததும், படகின் உடம்பே பெரிய சுக்கானாக மாறி வேகத்தோடு கீழே வழுக்கிக்கொண்டு போகும். நிமிர்த்தினால் மேலே வரும்.

இந்த ஒரு பாடத்துக்காகத்தான் முதல் படகு கட்டப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்தப் படகை ஆற்றிலேயே மூழ்கவிட்டார் ஹாலண்ட். 1927-ல் அது சேற்றிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. இன்று பேட்டர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முன்பாரம், பின்பாரம்

சுக்கானை வாலுக்கு மாற்றினால் மட்டும் போதாது. பாகூர் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு சக்கர வண்டியில் மூட்டைகளை முன்னால் அதிகம் ஏற்றினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும். தண்ணிக்குள் போகும் படகும் அப்படித்தான். மேலே மிதக்கும்போது, மூக்கு கொஞ்சம் இறங்கினால் அந்தப் பக்கம் தண்ணீர் தாங்கித் தூக்கிவிடும். முழுசாக மூழ்கிய பிறகு அந்தத் தாங்கல் பெரும்பாலும் போய்விடும். உள்ளே ஒரு ஆள் முன்னால் நான்கு அடி நடந்தாலே படகு சாயும்.

அன்றைக்கு இதே வேலையில் இருந்த மற்றவர்கள் இங்கேதான் தோற்றார்கள். ஸ்வீடன் தொழிலதிபர் தோர்ஸ்டன் நார்டன்ஃபெல்ட் கட்டிய நீர்மூழ்கிகளை 1880-களில் கிரீஸும் துருக்கியும் வாங்கின. அவை செங்குத்தாக வைத்த புரொப்பல்லரைச் சுழற்றி, படகைச் சாயாமல் நேராகக் கீழே இழுக்கப் பார்த்தன. உள்ளே பாதி நிரம்பிய தொட்டிகளும் கொதிகலனும் இருந்தன. படகு கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் அதிகமாக்கியது. ஓட்டுபவர் ஒன்றும் செய்ய முடியாமல் விழிக்க வேண்டியதுதான்.

நிறைகுடம் தளும்பாது என்று நம்மூரில் சொல்வது குணத்துக்கு மட்டுமில்லை, பௌதிகத்துக்கும் பொருந்தும். ஹாலண்டின் விதியும் அதுதான். மூழ்குவதற்கான தொட்டியை முழுசாக நிரப்ப வேண்டும், பாதியில் விடக் கூடாது. படகின் ஈர்ப்பு மையம் தாழ்வாக, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். குண்டோ எரிபொருளோ செலவானால், அதே எடைக்குத் தண்ணீரை உடனே உள்ளே விட்டு ஈடுகட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. படகு எப்போதும் கொஞ்சமாவது மிதக்கும் தன்மையோடு இருக்க வேண்டும். அதாவது, மூழ்கிப் போவது எடையால் இல்லை, வேகத்தாலும் வால் சுக்கானாலும். எஞ்சின் நின்றால் படகு தானாக மேலே வந்துவிடும். ஓட்டுபவரின் உயிருக்கு இதைவிட எளிய காப்பீடு உண்டா?

திருடிப் போனவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை

இந்த விதிகளை வைத்து ஹாலண்ட் கட்டிய இரண்டாவது படகு 1881-ல் நியூயார்க்கில் தண்ணீரில் இறங்கியது. 31 அடி நீளம், 19 டன். சுருட்டு வடிவம். ஓட்டுநர், எஞ்சின்காரர், பீரங்கிக்காரர் என மூன்று பேர் போகலாம். சுக்கான்கள் வாலில். ஒரு பத்திரிகையாளர் அதற்கு ஃபெனியன் ராம் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்தது.

நியூயார்க் துறைமுகத்தில் இரண்டு வருஷம் ஹாலண்ட் அதை ஓட்டிப் பழகினார். டால்பின் மாதிரி முங்குவதும் எழுவதுமாக அது போனது. அன்றைய உலகில் தன் எஞ்சினால் தண்ணிக்குள் இவ்வளவு சொன்னபடி கேட்ட படகு வேறு இல்லை.

அதற்குள் ஃபெனியன்களுக்குள் பணத் தகராறு வெடித்தது. வழக்கு வந்தால் படகு பறிபோய்விடும் என்று பயந்த ஒரு கோஷ்டி, 1883 நவம்பரில் ஒரு ராத்திரி ஹாலண்டின் கையெழுத்தைப் போலியாகப் போட்ட சீட்டைக் காட்டி, ஃபெனியன் ராமை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே 16 அடி நீளச் சோதனைப் படகு ஒன்றையும் இழுத்தார்கள். அது வழியிலேயே மூழ்கியது.

நியூ ஹேவன் என்ற ஊரில் அவர்கள் படகை ஓட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. தாறுமாறாகப் போன படகைப் பார்த்த துறைமுக அதிகாரி, மற்ற கப்பல்களுக்கு ஆபத்து என்று தடை போட்டுவிட்டார். ஹாலண்டிடம் உதவி கேட்டபோது அவர் அசையவில்லை. படகு ஒரு கொட்டகையில் துரும்பேறக் கிடந்தது. படகைக் களவாடிவிடலாம், சுக்கான் பிடிக்கும் கையைக் களவாட முடியாது. அன்றைய நீர்மூழ்கியில் பாதித் தொழில்நுட்பம் ஓட்டுபவரின் பழக்கத்தில்தான் இருந்தது.

கடற்படை கேட்டதும், ஹாலண்ட் கட்டியதும்

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இழுபறி. அமெரிக்கக் கடற்படை 1888-லிருந்து மூன்று முறை நீர்மூழ்கி வடிவமைப்புப் போட்டி நடத்தியது. மூன்றிலும் ஹாலண்டின் வடிவமே தேர்வானது. ஆனால், 1895-ல்தான் ஒப்பந்தம் கைக்கு வந்தது. அதற்காக ஒரு வழக்கறிஞரின் உதவியோடு ஒரு கம்பெனியும் உருவானது.

ஆனால் கடற்படை போட்ட நிபந்தனைகள் ஹாலண்டின் விதிகளுக்கு நேர் எதிராக இருந்தன. மேலே ஓட நீராவிக் கொதிகலன் வேண்டும், சாயாமல் மூழ்கச் செங்குத்துப் புரொப்பல்லர் வேண்டும் என்று அடுக்கினார்கள். பிளஞ்சர் என்ற அந்த 85 அடிக் கப்பல் 1897-ல் தண்ணீரில் இறங்கியது. கொதிகலன் அறையின் வெப்பம் 58 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அது கடைசிவரை கடற்படைக்கு உதவவில்லை.

இது தேறாது என்று முன்பே தெரிந்த ஹாலண்ட், கம்பெனிப் பணத்தில் தன் இஷ்டப்படி இன்னொரு படகைக் கட்டினார். அதுதான் அவருடைய ஆறாவது படகு. நீளம் கிட்டத்தட்ட 54 அடி. மேலே ஓட 45 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின். அடியில் ஓட பேட்டரியும் மின் மோட்டாரும். இந்த இரட்டை ஏற்பாடுதான் பின்னால் அரை நூற்றாண்டுக்கு உலக நீர்மூழ்கிகளின் அடிப்படையானது. தண்ணீரில் இறங்கியது 1897 மே 17-ல். அக்டோபரில், யாரோ ஒரு வால்வை மூட மறந்ததால் துறையிலேயே மூழ்கியது. நனைந்த மோட்டாரை உலர்த்த வந்த மின் பணியாளர் ஃபிராங்க் கேபிள், பிறகு அந்தப் படகின் கேப்டனாகவே ஆகிவிட்டார்.

1898 மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் பேட்ரிக் திருநாள். நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவுப் பக்கம் படகு முதல்முறையாகச் சரியாக மூழ்கி எழுந்தது. அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், இதை வாங்கலாம் என்று பரிந்துரை எழுதினார். கடற்படை அவசரப்படவில்லை. அந்த நவம்பரில் நடந்த சோதனையில் படகு நேர்கோட்டில் போகாமல் பாம்பு மாதிரி நெளிந்து போனது.

மறுபடியும் சுக்கான்தான். வாலில் இருந்தது சரி, ஆனால் புரொப்பல்லருக்கு முன்னால் இருந்தது. புரொப்பல்லர் பின்னால் தள்ளும் தண்ணீரின் வேகம் சுக்கானில் படவே இல்லை. மெதுவாகப் போகும்போது அது வெறும் பலகை. அந்தக் குளிர்காலத்தில் வால் பகுதியைப் பிரித்து, சுக்கான்களைப் புரொப்பல்லருக்குப் பின்னால் மாற்றினார்கள். தள்ளப்படும் தண்ணீர் நேராகச் சுக்கானில் மோதியதும் படகு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

அதில் பெரிஸ்கோப் கிடையாது. கேப்டன் சின்னக் கோபுரத்தின் கண்ணாடி வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். அதற்காகச் சில விநாடி மேலே வந்து, குறி பார்த்துவிட்டு, உடனே முங்க வேண்டும். சட்டென்று சாய்ந்து எழும் வால் சுக்கான் இல்லாமல் இது நடக்காது.

1900 ஏப்ரல் 11-ல் கடற்படை 1,50,000 டாலருக்கு அந்தப் படகை வாங்கியது. அக்டோபர் 12-ல் யுஎஸ்எஸ் ஹாலண்ட் என்ற பெயரில் பணியில் சேர்ந்தது.

படகு கையில் நின்றது, கம்பெனி நிற்கவில்லை

வெற்றி வந்த நேரத்தில் ஹாலண்ட் தன் கம்பெனியையே இழந்திருந்தார். படகைக் கட்டிக் கட்டிப் பணம் கரைந்ததால், 1899-ல் ஐசக் ரைஸ் என்ற பேட்டரித் தொழிலதிபர் அதை வாங்கி எலக்ட்ரிக் போட் கம்பெனி ஆக்கினார். ஹாலண்டின் காப்புரிமைகள் அந்தக் கம்பெனிக்குப் போயின. அவர் அதில் சம்பளக்காரர் ஆனார்.

வடிவமைப்பை அந்தக் கம்பெனி பிரிட்டனுக்கும் விற்றது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 1901 அக்டோபரில் பாரோ துறைமுகத்தில் இறங்கியது. அதன் பெயரும் ஹாலண்ட்தான். பிரிட்டிஷ் கப்பலை உடைக்க ஐரிஷ் கூலிகள் கொடுத்த காசில் பிறந்த வடிவம், பிரிட்டிஷ் கொடியோடு ஓடியது. தடுக்க அவர் கையில் எந்த உரிமையும் இல்லை.

1904-ல் ராஜினாமா செய்தார். ஜப்பானுக்காக இரண்டு நீர்மூழ்கிகளை வடிவமைத்துக் கொடுத்தார். ஜப்பான் அவருக்கு உதய சூரியன் விருது கொடுத்துக் கௌரவித்தது. சொந்தமாகப் புதுக் கம்பெனி தொடங்கியபோது எலக்ட்ரிக் போட் வழக்குப் போட்டது. காப்புரிமை எங்களுடையது என்றது, ஹாலண்ட் என்ற பெயரை வைத்து வியாபாரம் செய்யவும் கூடாது என்றது. முதலீடு செய்ய வந்தவர்கள் விலகிப் போனார்கள். தண்ணிக்குள் எந்தத் திசையில் படகு போக வேண்டும் என்று தெரிந்த மனிதருக்குக் கம்பெனிக் காகிதங்களில் வழி தெரியவில்லை. கடைசி வருஷங்களில் வீட்டோடு இருந்து, பறக்கும் இயந்திரங்களுக்கான வரைபடங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

1914 ஆகஸ்ட் 12-ல் நியூவார்க் நகரில் நிமோனியாவால் இறந்தார். உலகப் போர் தொடங்கி அப்போது சுமார் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

சரியாக 41 நாள் கழித்து, செப்டம்பர் 22. அந்தத் தேதியைத் தமிழ்நாடு மறக்காது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட நாள். அதே நாள் காலையில் வட கடலில், யு-9 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் செத்தார்கள். இப்படி ஒரு பெட்டிக்குள் யார் ஏறுவார்கள், ஏறி எப்படி ஓட்டுவார்கள் என்ற 1875-ம் வருஷக் கேள்விக்கு இவ்வளவு பயங்கரமான பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்றைக்கு ஒருவர் கட்டினால்?

ஹாலண்டுக்குப் பிறகு வந்த நீர்மூழ்கிகள் அகலமான மேல்தளமும் கூர்மையான மூக்குமாக, அவ்வப்போது மூழ்கும் சாதாரணக் கப்பல்களாக மாறின. மேல்தளத்தை அவர் எப்போதுமே எதிர்த்தார். 1953-ல் அமெரிக்கா ஆல்பகோர் என்ற சோதனை நீர்மூழ்கியைக் கட்டியபோது கண்ணீர்த்துளி வடிவம், ஒரே புரொப்பல்லர், வாலில் சுக்கான் என்று ஹாலண்டின் வழிக்கே திரும்பியது. இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளின் உடம்பு அதிலிருந்து வந்தது.

சொந்தமாகச் சின்ன நீர்மூழ்கி கட்டுபவர்கள் இன்றும் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹாலண்டின் வாழ்க்கை சொல்வது முக்கியமாக ஒன்று. சுக்கானுக்குப் பலம் கொடுப்பது ஓட்டம். தண்ணீர் அதன் மேல் ஓடினால்தான் அது சுக்கான், இல்லாவிட்டால் தகரம். மெதுவாக நகர்ந்து வேடிக்கை பார்க்கும் ஓரிருவர் படகுக்கு வால் சுக்கான் உதவாது. அதனால்தான் ஆழ்கடல் ஆய்வுக்கான சின்ன நீர்மூழ்கிகளில் பல பக்கமும் திரும்பிய சின்னச் சின்ன மின் புரொப்பல்லர்கள் வைக்கப்படுகின்றன. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேர் 6,000 மீட்டர் ஆழம் போக உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 அந்த வகைதான்.

கையில் பிடிக்கும் கருவி எது என்பது அவ்வளவு முக்கியமில்லை. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி, வீடியோ கேம் கருவியால் ஓட்டப்பட்டது என்று உலகமே கேலி பேசியது. ஐந்து உயிரைக் குடித்தது அந்தக் கருவி இல்லை. அழுத்தம் தாங்காமல் நொறுங்கிய உடற்கூடு.

ஏதாவது கெட்டுப்போனால் படகு தானாக மேலே வருமா? ஹாலண்ட் முதலில் கேட்ட கேள்வி அது. சுக்கான் அதற்கு அப்புறம்தான். எஞ்சின் நின்றது, வால்வு கசிந்தது, திசை தவறியது, துறையிலேயே மூழ்கியது. இத்தனைக்கும் நடுவே தன் படகுகளுக்குள் தானே உட்கார்ந்து ஓட்டிய அந்த வாத்தியார் 73 வயதில் இறந்தது தண்ணிக்குள் இல்லை, தன் வீட்டுக் கட்டிலில்.